64 கோல்ல இருந்து 8 கோலுக்கு: பென் ப்ரவுன் ஃபார்ம் எங்கதான் போச்சு?

63, 61, 64, 8. நார்த் மெல்பர்ன் டீமோட ஃபுல் ஃபார்வர்டு பென் ப்ரவுன் 2017-ல இருந்து 2020 வரைக்கும் வருஷாவருஷம் அடிச்ச கோல் கணக்கு இது. கடைசி நம்பர்ல ஒரு இலக்கம் விட்டுப்போச்சோன்னு நினைக்காதீங்க, எட்டேதான். அந்த எட்டு ஏன்னு ஆஸ்திரேலியாவுல ஃபுட்டி பாக்குற ஆளுங்க அந்த வருஷம் முழுக்க அடிச்சுக்கிட்டாங்க, அடுத்த வருஷம் வேற காரணத்துக்காக மறுபடியும் அடிச்சுக்கிட்டாங்க. ரெண்டு பக்கமும் தாங்க சொன்னதுதான் நிரூபணம் ஆச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் நம்பிட்டிருக்கு. எனக்கு என்னமோ ரெண்டு பக்கமும் பாதிதான் பாத்துச்சுன்னு தோணுது, அதனாலதான் இந்தக் கட்டுரை.

ஆட்டம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி சொல்லிடறேன். ஃபுட்டின்னு செல்லமா சொல்ற ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால்னா கிரிக்கெட் கிரவுண்டு மாதிரி பெரிய ஓவல் மைதானம் (மாதிரி என்ன, மெல்பர்ன் எம்சிஜியில டிசம்பர்ல கிரிக்கெட், குளிர்காலத்துல இதே ஆட்டம்தான்), பக்கத்துக்கு 18 பேரு, முட்டை வடிவ பந்து. ரெண்டு முனையிலயும் நாலு நாலு கம்பம். நடு ரெண்டு கம்பத்துக்கு இடையில உதைச்சா கோல், 6 பாயிண்ட். ஓரத்துல போச்சுன்னா பிஹைண்ட், 1 பாயிண்ட். யாராவது உதைச்ச பந்து 15 மீட்டருக்கு மேல வந்து அதை நீங்க கீழ விழாம பிடிச்சா அது மார்க், அப்போ யாரும் மேல விழுந்து தடுக்க முடியாது, நிதானமா நின்னு உதைக்கலாம். கோலுக்குப் பக்கத்துல மார்க் பிடிச்சா அதான் செட் ஷாட், 30 செகண்ட் டைம். ஃபுல் ஃபார்வர்டு வேலையே இதான், கோல் முன்னாடி நின்னு டிஃபென்டரை உதறிட்டு ஓடி வந்து மார்க் பிடிக்கணும், கோலுக்கு உதைக்கணும்.

கேக்க சுலபமா இருக்கும். ஆனா இந்த வேலைக்கு இப்போ மவுசு இருக்கே தவிர வாழ்க்கை இல்ல. ஒரு காலத்துல சீசனுக்கு 100 கோல் அடிக்கிற ஆளுங்க இருந்தாங்க, டோனி லாக்கெட் மொத்தமா 1360 அடிச்சிருக்கார். கடைசியா ஒருத்தர் ஒரே சீசன்ல 100 தாண்டினது 2008-ல, லான்ஸ் ஃப்ராங்க்ளின் 113. அதுக்கப்புறம் யாரும் இல்ல. டிஃபென்ஸ் எல்லாம் கூட்டமா இறங்கி நிக்கிற காலம் வந்துடுச்சு, 60 அடிச்சாலே பெரிய ஆளு. அந்த 60-ஐ ப்ரவுன் மூணு வருஷம் தொடர்ச்சியா தாண்டினாரு, அந்த நேரத்துல வேற யாரும் அப்படி வருஷம் தவறாம அடிக்கல. அதனாலதான் அந்த 8 அவ்வளவு உறுத்துச்சு.

இவரு மேல ஜனங்களுக்கு ஒரு பாசம் உண்டு, சொந்த டீம் இல்லாதவங்களுக்கும். டாஸ்மேனியாக்காரரு, 200 சென்டிமீட்டர் உயரம், தலையில சுருள் முடி காடு மாதிரி. சின்ன வயசுலயே முழங்கால்ல பெரிய அடி, டிராஃப்ட்ல (க்ளப்புங்க வருஷாவருஷம் முறை வெச்சு புது ஆளுங்களை எடுக்கிறது) பல தடவை யாரும் சீண்டல, வெரிபி டீம்ல கீழ்மட்ட லீக் ஆடிட்டு இருந்தவரை 2013 டிராஃப்ட்ல 47-வது ஆளா நார்த் மெல்பர்ன் எடுத்துச்சு. 47-ன்னா கிட்டத்தட்ட வந்தா வரட்டும்னு எடுக்கிற இடம். அப்புறம் அந்த ரன்னப். செட் ஷாட் உதைக்க மத்தவங்க பத்து பதினஞ்சு அடி பின்னாடி போவாங்க, இவரு ஃபாஸ்ட் பவுலர் மாதிரி பின்னாடி போயிக்கிட்டே இருப்பாரு, அங்கிருந்து மெதுவா ஜாகிங் பண்ணி வந்து உதைப்பாரு. எதிர் டீம் ரசிகர்கள் கிண்டல் பண்ணுவாங்க, கத்தி எண்ணுவாங்க, பந்து பாட்டுக்கு நடு கம்பத்துக்குள்ள போகும்.

2019-ல உச்சம். போர்ட் அடிலெய்டுக்கு எதிரா ஒரே மேட்ச்ல 10 கோல். அதிக கோலுக்கான கோல்மன் மெடல் கைக்கு வந்த மாதிரிதான் இருந்துச்சு, கடைசி ரவுண்டுல ஜெரமி கேமரன் ஒரே மூச்சுல 9 கோல் அடிச்சு 67-க்குப் போய் பிடுங்கிட்டாரு. 2018-லயும் இதே கதைதான், ஜாக் ரீவோல்ட் 65, இவரு 61. ரெண்டு தடவை ரெண்டாவது இடம்.

அப்புறம் 2020. அந்த வருஷத்தைப் பத்தி யாருக்கும் விளக்க வேண்டியதில்ல, ஆனா ஃபுட்டிக்கு என்ன ஆச்சுன்னு கொஞ்சம் சொல்லணும். மார்ச்ல ஒரே ஒரு ரவுண்டு ஆடிட்டு சீசனை நிறுத்தினாங்க, ஜூன்லதான் திரும்ப ஆரம்பிச்சாங்க. விக்டோரியாவுல கொரோனா ஏறினதும் அங்க இருக்கிற டீமை எல்லாம் மூட்டை கட்டி வெளி மாநிலத்துக்கு அனுப்பினாங்க, பெரும்பாலும் குயின்ஸ்லாந்து, ஹோட்டல்லயே மாசக்கணக்குல வாழ்க்கை. 22 மேட்ச் சீசன் 17 ஆச்சு. ஒரு குவார்ட்டர் 20 நிமிஷத்துல இருந்து 16 ஆச்சு. நடுவுல ஒரு கட்டத்துல 20 நாள்ல 33 மேட்ச், அதாவது சில டீமுக்கு நாலு நாளைக்கு ஒரு மேட்ச். நார்த் மெல்பர்ன் முதல் ரெண்டு மேட்ச்சையும் ஜெயிச்சுது, பரவாயில்லையேன்னு எல்லாரும் நிமிர்ந்து உக்காந்தாங்க, மிச்சம் 15-ல ஒண்ணே ஒண்ணுதான் ஜெயிச்சுது. 18 டீம்ல 17-வது இடம். ப்ரவுன் 9 மேட்ச் ஆடி 8 கோல், கடைசியில முழங்கால் போய் சீசனே முடிஞ்சுது.

இப்போ சண்டைக்கு வருவோம். முதல் கோஷ்டி, ஆளு முடிஞ்சுட்டாரு கோஷ்டி. இவங்க எல்லா ஊர்லயும் எல்லா ஆட்டத்துலயும் இருப்பாங்க, 27 வயசு ஆளை மூணு மேட்ச் பாத்துட்டு கிழவனாக்கிடுவாங்க. இவங்க வாதம் என்னன்னா, ப்ரவுனுக்கு கோல் அடிக்கிறதைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது, கீழ விழுந்த பந்தை எடுக்கத் தெரியாது, துரத்தி டேக்கிள் பண்ணத் தெரியாது, அதனால கோல் நின்னுச்சுன்னா அந்த ஆளு கிரவுண்டுல ஒரு கம்பம். கொஞ்சம் கொடூரமா சொன்னாலும் இதுல உண்மை இல்லாம இல்ல. ஒரு மிட்ஃபீல்டர் ஃபார்ம் இழந்தா 30 தடவை பந்தைத் தொடுறவரு 22 தடவை தொடுவாரு, பாதி பேரு கண்டுக்கவே மாட்டாங்க. ஃபுல் ஃபார்வர்டு ஃபார்ம் இழந்தா ஸ்கோர் போர்டுலயே பேரு காணாமப் போயிடும்.

ரெண்டாவது கோஷ்டி, பந்தே வரலியே கோஷ்டி. நானும் அப்போ இந்தக் கட்சிதான். ஃபுல் ஃபார்வர்டு தானா சம்பாதிக்கிற ஆளு இல்ல, மிட்ஃபீல்டு பந்தை எடுத்து நல்லா உதைச்சு அனுப்பினாதான் அவரு பொழப்பு ஓடும். நார்த்ல பந்தை அள்ளிக் கொடுக்கிற பென் கன்னிங்டன் முதுகுப் பிரச்சனையில அந்த வருஷம் மூணே மேட்ச். பக்கத்துல நின்னு ஒரு டிஃபென்டரை இழுத்துக்கிட்டுப் போற ஜராட் வெயிட் 2018-லயே ரிட்டயர். ஸோ, வர்ற பந்து கம்மி, வர்றதும் கண்ணை மூடிக்கிட்டு உயரமா தூக்கி அடிச்ச பந்து, அது வந்து இறங்குறதுக்குள்ள ப்ரவுன் தோள்ல மூணு பேரு தொங்குவாங்க. இதுல எப்படி கோல் அடிக்கிறது? நல்ல கேள்வின்னுதான் நினைச்சேன்.

ரன்னப்பை குறை சொன்ன ஒரு சின்ன கூட்டமும் இருந்துச்சு. அதை சீரியஸா எடுக்க முடியல. அதே ரன்னப்புலதான் 64 அடிச்சாரு.

சரி, கணக்குப் போட்டுப் பாப்போம், கத்துறதை விட அது சுலபம். 2019-ல 22 மேட்ச்ல 64, அதாவது மேட்ச்சுக்கு 2.9. 2020-ல 9 மேட்ச்ல 8, மேட்ச்சுக்கு 0.9. குவார்ட்டர் சின்னதாச்சுன்னு சாக்கு சொன்னாங்களே, 16 நிமிஷத்தை 20 ஆக்கினா கால் பங்கு கூடும், 0.9 வந்து 1.1 ஆகும், அவ்வளவுதான். அந்த வருஷம் எல்லா டீமுக்குமே ஸ்கோர் குறைஞ்சுது, அதையும் சேர்த்துக்கிட்டு தாராளமா 1.4-ன்னு வைங்க. அப்பவும் பாதி கூட வரல. கடிகாரம் மேல பழி போடறது இதோட முடிஞ்சுது.

இப்போ பந்து வரல வாதம். இதுல எனக்கு ரொம்ப நாள் சந்தேகமே வரல, வந்தது 2023-ல. ப்ரவுன் இருந்த அதே இடத்துல அவருக்குப் பின்னாடி வந்தவரு நிக் லார்க்கி. 2021-ல நார்த் மெல்பர்ன் கடைசி இடம், லார்க்கி 42 கோல். 2023-ல நார்த் 17-வது இடம், மொத்த வெற்றி மூணே மூணு, 2020 மாதிரியே படு மோசமான சீசன், லார்க்கி அடிச்சது 71! ஆல் ஆஸ்திரேலியன் டீம்ல, அதாவது அந்த வருஷத்தோட பெஸ்ட் ஆட்டக்காரங்க பட்டியல்ல எடுத்தாங்க. அதாவது ஓயாம தோக்குற டீம்ல, பந்து எப்பவும் அந்தப் பக்கமே கிடக்கிற டீம்ல, ஒரு ஃபுல் ஃபார்வர்டு ப்ரவுனோட பெஸ்ட் சீசனை விட ஏழு கோல் அதிகமா அடிக்க முடியுது. ஆளுங்க வேற, கோச் வேற, வருஷம் வேற, எல்லாம் ஒத்துக்கறேன். ஆனா மோசமான டீம்ல இருந்தா கோல் வரவே வராதுங்கிறது சட்டம் இல்லன்னு ஆயிடுச்சு. என் கட்சிக்கு விழுந்த பெரிய ஓட்டை இது.

அப்போ மிச்சம் என்ன? முழங்கால். இதை ரெண்டு கோஷ்டியுமே ஓரமா வெச்சாங்க, ஏன்னா சண்டைக்கு அது ருசியா இல்ல. ஆனா ஃபுல் ஃபார்வர்டு ஓட்டத்தை கவனிச்சுப் பாத்தீங்கன்னா அவரு சம்பாத்தியமே முதல் மூணு அடியிலதான் இருக்கு. நின்ன இடத்துல இருந்து சட்டுனு ஒரு பக்கம் பாயணும், டிஃபென்டர் திரும்பறதுக்குள்ள அரை மீட்டர் கிடைக்கணும், மிட்ஃபீல்டர் அந்த அரை மீட்டரைப் பாத்துதான் உதைப்பாரு. கிடைக்கலன்னா அடுத்த ஓட்டம், அது கிடைக்கலன்னா அதுக்கடுத்தது, ஒரு மார்க்குக்கு ஏழெட்டு வெட்டி ஓட்டம் ஓடணும். அப்புறம் எகிறணும், அப்புறம் நூறு கிலோ உடம்பு ஒத்தக் கால்ல இறங்கணும். முழங்கால் லேசா ஒத்துழைக்கலன்னா வெளிய பாக்குறவனுக்கு நொண்டுற மாதிரி எல்லாம் தெரியாது. அரை மீட்டர் பத்து சென்டிமீட்டரா குறையும், அவ்வளவுதான். மிட்ஃபீல்டர் தலை நிமிர்ந்து பாக்குறாரு, ப்ரவுன் பக்கத்துலயே டிஃபென்டர் ஒட்டிக்கிட்டு நிக்கிறாரு, சரி வேற எங்கயாவது உதைப்போம்னு உதைச்சிடறாரு. டிவியில பாக்குறவனுக்கு அது எப்படித் தெரியும்? பாத்தியா, பந்தே கொடுக்க மாட்டேங்கறாங்கன்னு தெரியும். ரெண்டாவது கோஷ்டிக்கு கண்ணுக்கு முன்னாடியே ஆதாரம். முதல் கோஷ்டிக்கும் அதே காட்சிதான் ஆதாரம், பாத்தியா, ஓடவே மாட்டேங்கறான்னு. நாலு நாளைக்கு ஒரு மேட்ச் ஆடற வருஷத்துல முழங்காலுக்கு ஓய்வு எங்க கிடைச்சிருக்கும், சொல்லுங்க.

மனசு போச்சு, நம்பிக்கை போச்சுன்னும் சொன்னாங்க. இருக்கலாம், மாசக்கணக்கா ஹோட்டல்ல அடைச்சு வெச்சா யாருக்குத்தான் மனசு சரியா இருக்கும். ஆனா ஒரு ஆட்டக்காரரோட மனசுக்குள்ள எட்டிப் பாக்குற வசதி யாருக்கும் இல்ல, எதுக்கும் விளக்கம் கிடைக்காதப்போ எல்லாரும் கைநீட்டுற இடம் அது.

சீசன் முடிஞ்சதும் நார்த் மெல்பர்ன் ஒரே அடியா 11 பேரை வீட்டுக்கு அனுப்புச்சு. ப்ரவுன் கிட்ட வேற க்ளப் பாத்துக்கோங்கன்னுட்டாங்க. 130 மேட்ச், 280-க்கு மேல கோல் அடிச்ச ஆளுக்கு ஒரு மோசமான வருஷத்துக்கு அப்புறம் இதான் மரியாதையான்னு ரசிகர்கள் கொதிச்சாங்க, ரெண்டு கோஷ்டியும் முதல் தடவையா ஒண்ணா சேர்ந்தது இதுலதான். மெல்பர்ன் க்ளப் எடுத்துக்கிச்சு (பேரு குழப்பும், நார்த் மெல்பர்ன் வேற, மெல்பர்ன் வேற). முதல் ரவுண்டு டிராஃப்ட் தேர்வு ஒண்ணு கூட செலவு இல்லாம, டிராஃப்ட்ல 26-வது, 33-வது தேர்வைக் கொடுத்து ப்ரவுனையும் 28-வது தேர்வையும் வாங்கினாங்க. இந்த ஆட்டத்துல பெரிய ஃபார்வர்டுக்கு என்ன விலைன்னு தெரிஞ்சவங்களுக்குப் புரியும், இது ஆடித் தள்ளுபடி ரேட்டு.

இன்னொரு வேடிக்கை. மெல்பர்ன்ல ஏற்கெனவே ஒரு ஃபார்ம் போன ஃபார்வர்டு இருந்தாரு, டாம் மெக்டொனால்டு. 2018-ல 53 கோல் அடிச்சவரு, 2020-ல இவரும் ஒண்ணும் இல்லாமப் போயி, வேணும்னா வேற க்ளப் பாருங்கன்னு இவர் கிட்டயும் சொன்னாங்க. யாரும் எடுக்காததால அங்கயே இருந்தாரு. ஸோ, முடிஞ்சு போன ரெண்டு பேரை வெச்சுக்கிட்டு ஒரு டீம் 2021-க்குள்ள போகுது, 1964-க்கு அப்புறம் பட்டமே ஜெயிக்காத டீம் வேற. சிரிச்சாங்க எல்லாரும்.

சீசன் ஆரம்பத்துல அந்த சிரிப்பு சரிதான்னு பட்டுச்சு. ப்ரவுன் வந்த உடனே மறுபடியும் முழங்கால் ஆபரேஷன், கொஞ்சம் லேட்டா வந்து சில மேட்ச் ஆடினாரு, டீம்ல இருந்து தூக்கி ரிசர்வ்ஸ் டீம் கேஸிக்கு அனுப்பினாங்க. சீசன் கடைசி கட்டத்துலதான் திரும்ப வந்து இடத்தைப் பிடிச்சாரு. அப்புறம் ஃபைனல்ஸ், அப்புறம் செப்டம்பர் 25, பெர்த், கிராண்ட் ஃபைனல். வெஸ்டர்ன் புல்டாக்ஸ் மூணாவது குவார்ட்டர்ல 19 பாயிண்ட் முன்னாடி. அங்கிருந்து மெல்பர்ன் 74 பாயிண்ட் வித்தியாசத்துல ஜெயிச்சுது, 140-66. ப்ரவுன் 3 கோல். 57 வருஷ வறட்சி முடிஞ்சுது. அந்த ராத்திரி பந்து வரல கோஷ்டி போட்ட ஆட்டம் இருக்கே! நாங்க அப்பவே சொன்னோம், நல்ல டீம்ல போட்டா ஆளு அதே ஆளுதான்னு.

அதே ஆளா? இங்கதான் நான் மாறுபடறேன். 2021-ல ப்ரவுன் 13 மேட்ச்ல 25 கோல். மேட்ச்சுக்கு 1.9. அந்த வருஷம் பட்டம் ஜெயிச்ச டீம்ல, க்ளேட்டன் ஆலிவர், கிறிஸ்டியன் பெட்ராக்கா, மேக்ஸ் கான்னு போட்டியிலயே பெஸ்ட் நடுவரிசை பந்தை அள்ளிக் கொடுக்கிற டீம்ல, 1.9. சுமாரான நார்த் மெல்பர்ன்ல 2019-ல 2.9. பந்து சப்ளைதான் எல்லாம்னா 3.5 வந்திருக்கணும் இல்ல? வரல. 2020-ல விழுந்ததுல பாதிதான் திரும்பி வந்துச்சு, அது திரும்பி வந்த மாதிரி ஏன் தெரிஞ்சுதுன்னா அங்க அவருக்குக் கொடுத்த வேலை வேற.

நார்த்ல எல்லா பந்துக்கும் ஒரே முகவரி, ப்ரவுன். அவரு ரெண்டு கோலோட நின்னுட்டா டீம் தோக்கும். மெல்பர்ன்ல முதல் கோல்காரரு பெய்லி ஃப்ரிட்ச், அந்த வருஷம் 59, கிராண்ட் ஃபைனல்ல மட்டும் 6. அப்புறம் கைசையா பிக்கெட் 40, அப்புறம் மெக்டொனால்டு. ப்ரவுன் அந்த வரிசையில மூணாவது நாலாவது ஆளு. எதிர் டீமோட பெரிய டிஃபென்டர் ஒருத்தரை தன்னோட கட்டிப் போடணும், பந்து வந்தா பிடிக்கணும், பிடிக்க முடியலன்னா எதிராளியும் பிடிக்காம தட்டிக் கீழ விழ வெக்கணும், கீழ பிக்கெட் காத்துக்கிட்டிருப்பாரு. மேட்ச்சுக்கு ஏழெட்டு தடவை அந்த மூணு அடி பாய்ச்சல் சரியா வந்தாப் போதும், முப்பது தடவை வேண்டாம். அந்த முழங்காலுக்கு அளவா தைச்ச வேலை. முதல் கோஷ்டி சொன்ன மாதிரி பழைய ப்ரவுன் 2020-லயே முடிஞ்சுட்டாரு, ரெண்டாவது கோஷ்டி சொன்ன மாதிரி நல்ல டீம்தான் அவரைத் தூக்கி நிறுத்துச்சு, இந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரின்னு நினைச்சதுதான் தப்பு. நார்த்தும் தப்புப் பண்ணல மெல்பர்னும் தப்புப் பண்ணலன்னு சொன்னா ரெண்டு டீம் ரசிகர்களும் என்னை அடிக்க வருவாங்க, ஆனா அப்படித்தான் நான் பாக்கறேன். மேட்ச்சுக்கு மூணு கோல் அடிக்கிற ஒத்த ஆளைத் தேடின டீமுக்கு அவரு உதவ மாட்டாரு, நாலாவது ஆளைத் தேடின டீமுக்கு அவரை விட நல்ல ஆளு அந்த விலைக்குக் கிடைக்க மாட்டாரு.

இதுல ஒரு சின்ன விஷயத்தையும் விட்டுடக் கூடாது. 2021-ல ரூல் ஒண்ணு மாத்தினாங்க, மார்க் பிடிச்சவருக்கு எதிர்ல நிக்கிற ஆளு நின்ன இடத்துல அசையாம நிக்கணும்னு. உதைக்கிறவங்களுக்கு இது நல்ல சௌகரியம், ப்ரவுனுக்கு எவ்வளவு உதவுச்சுன்னு பிரிச்சுச் சொல்ல வழியில்ல, ஆனா ஃபார்ம் திரும்பிடுச்சுன்னு பேசினவங்க யாரும் இதைப் பேசல.

அதுக்கப்புறம் ரொம்ப நாள் ஓடல. முழங்கால் மறுபடியும் மேட்ச்சைத் தின்ன ஆரம்பிச்சுது, 2024-ல முழங்கால்தான் காரணம்னு சொல்லியே ரிட்டயர் ஆனாரு, அப்போ வயசு 31. கழுத்துல ஒரு பிரீமியர்ஷிப் மெடல் இருக்கு, ரெண்டு தடவை தவறவிட்ட கோல்மன் மெடல் இல்ல.